நகராட்சி அலுவலகமும் ஒரு கல்விச்சாலையே

பட்டம் பெற்ற பிள்ளை வேலையின்றி வீட்டில் காத்திருக்கும் காலம், பெற்றோர்க்குப் பெருஞ்சோதனைக் காலம். விண்ணப்பங்கள் அனுப்புவதிலும் தேர்வுகள் எழுதுவதிலும் மாதங்கள் கழிகின்றன. செல்லுமிடமெல்லாம், "முன் அனுபவம் உண்டா?" என்ற வினாவே எதிர்ப்படுகிறது. வேலையின்றி அனுபவம் ஏது? அனுபவமின்றி வேலை ஏது? இம்முடிச்சை அவிழ்க்கும் வழியொன்று நம் நகராட்சி அலுவலகத்திலேயே இருக்கக்கூடும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

2020 ஜூன் 4-ஆம் நாள் மத்திய அரசு 'டியூலிப்' என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. படிப்பை முடித்து 18 மாதங்களுக்கு மேற்படாத பட்டதாரிகள், நகர உள்ளாட்சி அமைப்புகளில் 8 வாரம் முதல் ஓராண்டு வரை பயிற்சி பெற அது வகைசெய்தது. பொறியியல் கற்றோர்க்கு மட்டுமன்றிக் கலை, வணிகவியல், சட்டம் பயின்றோர்க்கும் அதில் இடம் வகுக்கப்பட்டது.

அங்கே கற்பதற்கு என்ன இருக்கிறது? 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிநீர், பொதுச் சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு, பிறப்பு இறப்புப் பதிவு, இடுகாடு என மனித வாழ்வின் தொடக்கமும் முடிவும் அப்பட்டியலில் அடங்கும். வணிகவியல் மாணவர் வரியின் கேட்பு, வசூல், நிலுவைக் கணக்கைப் பயிலலாம். பொறியியல் மாணவர் மதிப்பீடு தயாரிப்பதையும், அளவுப் புத்தகத்தில் பதிவதையும் அருகிருந்து காணலாம். யாராயினும் கோப்பைப் படிக்கவும், குறிப்பு எழுதவும், சினத்தோடு வருபவரிடம் பொறுமையாய்ப் பேசவும் பழகலாம். இவை எந்த அலுவலகத்திலும் மதிக்கப்படும் திறமைகள்.

"சம்பளமில்லாத வேலை எதற்கு?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பிள்ளையின் வருமானத்தையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு மூன்று மாதங்கள் பெருஞ்சுமை. ஆகவே, உதவித்தொகை உண்டா, என்ன பணி தரப்படும், முடிவில் சான்றிதழ் கிடைக்குமா என்பவற்றை முன்னரே கேட்டு எழுத்தில் பெறுவது நன்று. பயிற்சி நிரந்தர வேலைக்கு உறுதியன்று என்பதையும் உணர்தல் வேண்டும். இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் இடைத்தரகரை அணுகவே வேண்டாம். வசதியற்ற இளைஞரின் பேருந்துச் செலவை, பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் சில மாதங்கள் ஏற்றால், அது சிறந்த அறச்செயலன்றோ?

இளைஞர்களே! திறமையினும் மேலான ஒன்று அங்கே சோதிக்கப்படும். அது உங்கள் மனச்சான்று. கணவரின் இறப்புச் சான்றிதழுக்காக ஒரு விதவை வரிசையில் நிற்கிறார் என்று கொள்வோம். அத்தாள் இல்லையேல் அவருக்கு உதவித்தொகையும் இல்லை, வாரிசுரிமையும் இல்லை. மேசைக்கு இப்புறம் அமர்ந்தவர்க்கு அது வெறும் தாள். அவருக்கோ அடுத்த மாத உணவு. இவ்வேறுபாட்டை இளமையிலேயே கண்டவர், பிற்காலத்தில் அதிகாரியானாலும் அதை மறக்கமாட்டார். கையூட்டுக்கும் எளிதில் கை நீட்டமாட்டார்.

உழைப்பின் மாண்பு, செய்யும் வேலையின் வகையைவிட, அதைச் செய்யும் மனிதனையே முதன்மையாகப் பொறுத்தது என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலில் கற்பித்தார். அவரே 2000-ஆம் ஆண்டில் ஆட்சியாளர்களுக்கும் அரசியலாருக்கும் பாதுகாவலராக அறிவித்த புனித தாமஸ் மூர், அரசவையில் உயர்வதற்கு முன், 1510 முதல் சில ஆண்டுகள் லண்டன் மாநகரின் துணை ஷெரீபாக அமர்ந்து, நகர மக்களின் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பளித்தவர். மனச்சான்றுக்காக 1535-இல் உயிரையே ஈந்த அப்பெருமகன், சிறிய பொறுப்பையும் நேர்மையாய் ஆற்றினார்.

சிற்றூரில் வாழ்வோர்க்கும் வழியுண்டு. தமிழகத்தில் கிராமசபை கூடும் நாட்களுள் மே 1-உம் ஒன்று. அந்நாளே, 1955-இல் ஏற்படுத்தப்பட்ட தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். திருப்பலி முடிந்ததும் இளைஞர் மன்றத்தினர் கிராமசபைக்குச் செல்லட்டும்; வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது கவனித்துக் கேட்கட்டும்; புரியாததை வினவட்டும். ஊர்ப்பணியின் முதற்பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.