கடற்சிப்பியும் கழனி உரமும்

கழனியில் இட்ட உரம் முழுவதும் பயிருக்குச் சேர்வதில்லை. ஒரு பாகம் மழைநீரோடு வாய்க்கால் வழியே ஆற்றிற் கலந்து, முடிவில் கடலோர நீரை அடைகின்றது. அங்கே அதனால் விளையும் கெடுதியை அமெரிக்காவின் செசபீக் விரிகுடா தெளிவாய்க் காட்டுகின்றது.

சுமார் 200 மைல் நீளமுள்ள இவ்விரிகுடாவில் 6 மாகாணங்களின் வெள்ளம் வடிகின்றது. இதன் நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளே மீன் முதலிய பிராணிகளின் உணவுக்கு அடிப்படை. அடித்தரையில் திட்டுத் திட்டாய் ஒட்டி வாழும் சிப்பிகள் நீரை உள்ளிழுத்து, செவுள்களாற் பாசியைச் சலித்து உண்டு, தெளிந்த நீரை வெளிவிடுகின்றன. வேண்டாதவற்றைச் சளியில் உருட்டி அடியில் தள்ளுகின்றன. அங்குள்ள கிருமிகள் அதிலுள்ள நைட்ரஜனில் ஒரு பகுதியை வாயுவாக மாற்றி ஆகாயத்திற் சேர்க்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சிப்பிகளை அளவின்றி வாரியெடுத்தனர். பின்னர் நோய்களும் தாக்கின. முற்காலத்துச் சிப்பிகள் கோடையில் விரிகுடாவின் நீர் முழுவதையும் 3 முதல் 6 நாட்களில் சலித்திருக்கக்கூடும் என்றும், எஞ்சியவற்றிற்கு ஏறக்குறைய ஓராண்டு செல்லும் என்றும் நியூவெல் என்னும் சாஸ்திரி 1988-ல் மதிப்பிட்டார். இதற்கிடையே வயல்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வரும் சத்துக்கள் பெருகின. பாசி மிகுந்து, மடிந்து, அடியிற் சென்று அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகின்றது. கோடையில் ஆழமான இடங்களில் மீனும் நண்டும் தங்க இயலுவதில்லை.

சிப்பிகளை மீண்டும் வளர்த்தால் போதும், யாவும் சீர்படும் என்பர் சிலர். இக்கருத்து முற்றும் பொருந்தாது. பாசி பெருகத் தொடங்குவது வசந்த காலத்தில். அப்பொழுது நீர் குளிர்ந்திருப்பதால் சிப்பிகள் மந்தமாகவே சலிக்கின்றன. உண்ட நைட்ரஜனில் ஒரு பங்கு அவற்றின் கழிவாய் நீருக்கே திரும்புகின்றது. வயல்களினின்று வரும் வண்டலோ சிப்பித் திட்டுகளையே மூடிவிடுகின்றது. ஆதலின் சிப்பி வளர்ப்பு நற்காரியமேயாயினும், கழனியின் குற்றத்தைச் சிப்பியின் தலையிற் சுமத்துதல் முறையாகாது.

மேரிலாண்டு மாகாணத்தில், அறுவடைக்குப்பின் நிலத்தை வெறுமையாய் விடாமல் ரை, கோதுமை முதலியவற்றை விதைத்து, மண்ணில் எஞ்சிய நைட்ரஜனைப் பிடித்து நிறுத்தும் விவசாயிகளுக்குச் சர்க்கார் உதவித்தொகை அளிக்கின்றது. இதுவே நோயின் மூலத்தை நாடும் சிகிச்சை.

உரம் பணம் கொடுத்து வாங்கிய பொருள். அது கடலுக்குப் போவது கடலுக்கும் கேடு, விவசாயிக்கும் நஷ்டம். பயிருக்கு வேண்டிய தருணத்தில் வேண்டிய அளவே உரமிடுதலும், வரப்பை உறுதியாய் வைத்தலும் நிலச்சொந்தக்காரர் கடமை. வாய்க்காற் கரைகளில் புல்லும் மரமும் அழியாமற் காத்தல் கிராம அதிகாரிகளின் கடமையாம்.