லேப்டாப் இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி அலமாரியைத் திறந்து பாருங்க

பாகலூரில் எங்க வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் தம்பி ஒருத்தர் போன மாசம் வந்து கேட்டார்: "அண்ணா, 55,000 ரூபாய் லேப்டாப், நோ காஸ்ட் இஎம்ஐ, 12 மாசம். போடலாமா?" ஓசூர் சிப்காட்டில் வேலை, கைக்கு வர்றது 22,000. லேப்டாப் எதுக்குன்னா ஆன்லைன் கோர்ஸ், ரெஸ்யூம், கொஞ்சம் கணக்கு, படம் பார்க்க. பழசு ஒண்ணும் இல்லையான்னு கேட்டேன். "ஸ்கூல்ல கொடுத்தது ஊர்ல இருக்குண்ணா. ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகும்."

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின் அது. உங்களில் பலர் வீட்டு அலமாரியிலும் ஒண்ணு தூங்குது. அதுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்துப் பார்க்காமல் இஎம்ஐ போடாதீங்க என்பதுதான் என் கருத்து.

முதலில் கணக்கு. மாசம் 4,583 ரூபாய். தம்பி சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு வருஷத்துக்கு. "நோ காஸ்ட்" என்றாலும் பேங்க் வட்டி போடத்தான் செய்யும். அந்த அளவுக்கு முன்கூட்டியே விலையில் தள்ளுபடி கொடுத்துவிடுவாங்க. ஆனா கிரெடிட் கார்டில் போட்டால், அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியை நீங்கதான் கட்டணும். 16 சதவீத வட்டின்னு வைத்தால் வட்டி சுமார் 4,480, அதுக்கு ஜிஎஸ்டி சுமார் 800. ப்ராசஸிங் ஃபீ 199ம் அதன் வரியும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டுது. இன்னொரு விஷயம்: தொழில் செய்யும் நான் கம்ப்யூட்டர் வாங்கினால் வருஷம் 40 சதவீதம் தேய்மானம் காட்டி வரியைக் குறைத்துக்கொள்வேன். சம்பளக்காரருக்கு அந்த வழி கிடையாது. வரி போக மீதி வந்த காசில்தான் முழு விலையும் போகும்.

தம்பி ஊருக்குப் போய் மெஷினை எடுத்து வந்தார். 2 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க், கடையில் யாரோ போட்டுக் கொடுத்த கிராக் விண்டோஸ் 7. அதில்தான் நெட் பேங்கிங்கும் பண்ணியிருக்கார்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுபோச்சு. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 இந்த மெஷினில் இல்லை. பத்து நிமிஷம் காத்திருப்பதை விட இதுதான் பெரிய செலவு, எப்போ வேணும்னாலும் வரலாம்.

பெங்களூர் எஸ்பி ரோட்டில் 240 ஜிபி எஸ்எஸ்டி 1,500, பழைய 4 ஜிபி ராம் 600. ஃபைல்களை வேற இடத்தில் காப்பி எடுத்துவிட்டு, பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஏற்றினோம். பென் டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, சவுண்டு, கேமரா வேலை செய்யுதான்னு பார்த்துட்டு அப்புறம்தான் இன்ஸ்டால். இந்த வரிசையை மாத்தாதீங்க. சாயங்காலத்துக்குள் முடிந்தது. இப்போ ஒரு நிமிஷத்துக்குள் ஆன் ஆகுது.

இது ஏதோ கிறுக்குத்தனம்னு நினைக்க வேண்டாம். 2014ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, தமிழ்நாடு அரசே தன் துறைகளுக்கு பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. அதை உருவாக்கியது சென்னை சி-டாக். நமக்குக் கொடுத்த ஆரம்பகால மடிக்கணினிகளில்கூட விண்டோஸ் பக்கத்தில் பாஸ் இருந்தது. நாமதான் அதைத் திறந்துகூடப் பார்க்கலை.

கமெண்ட்டில் சிலர் பழைய கேம் கன்சோலில் லினக்ஸ் போடலாமான்னு கேட்கறீங்க. சோனி பிளேஸ்டேஷன் 3ல் அந்த வசதியைக் கொடுத்துவிட்டு 2010 ஏப்ரலில் ஒரு அப்டேட்டில் பிடுங்கிக்கொண்டது. ஆசைக்குச் செய்யுங்க, சேமிப்புன்னு கணக்கு எழுதாதீங்க. லேப்டாப்பிலும் அதே ஆபத்து உண்டு: எஸ்எஸ்டி, பேட்டரி, கீபோர்டு, டிஸ்ப்ளேன்னு போய் 8,000 ஆச்சுன்னா நிறுத்திடுங்க. அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நல்ல செகண்ட் ஹேண்ட் மெஷினே கிடைக்கும்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. டேலி, எக்செல் மேக்ரோ, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இல்லாமல் என் ஆபீஸ் ஓடாது, அங்கே விண்டோஸ்தான். உங்க ஐடிஆர்-1ஐ பிரவுசரிலேயே தாக்கல் பண்ணிடலாம், லினக்ஸ் போதும். தம்பி ஆறு மாசம் கழித்து கேட் டிசைன் படிக்கப் போறாராம். அதுக்கு இந்த மெஷின் தாங்காது. அதுவரை அந்த 4,583ஐ மாசாமாசம் ஆர்டியில் போடச் சொல்லியிருக்கேன்.