பழசு யாருக்கு?

நம் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. புதுச் சாமான் வந்தால் அது அண்ணனுக்கு. அவன் உபயோகித்து ஓய்ந்த பழசு தங்கைக்கு. சைக்கிளிலிருந்து கைக்கடிகாரம் வரையில் செல்லுபடியாகி வந்த இந்தச் சட்டம், இப்பொழுது கம்ப்யூட்டரையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. "அதெல்லாம் பிள்ளைகள் பாடு, எனக்கென்ன தெரியும்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரி! பணம் உங்கள் பீரோவிலிருந்துதானே போகிறது?

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகன் எஞ்சினீயரிங் காலேஜில் படிக்கிறான். விளையாட்டுக்கென்றே பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று அவன் அறையில் இருக்கிறது. 2017-ல் அவனுடைய அப்பச்சி வாங்கிக் கொடுத்தது. புது விளையாட்டுக்கள் அதில் நொண்டுகின்றன. ஆகவே 70,000 ரூபாயில் புதுசு கட்ட வேண்டுமென்று திட்டம் போட்டான்.

"பழசு வீணாகாது ஆத்தா. தங்கச்சிக்குக் கொடுத்துடறேன்" என்றான், கர்ணன் மாதிரி.

தங்கை பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் எடுத்திருக்கிறாள். கேட்டதும் குதிப்பாள் என்று பார்த்தால், முகம் மலரவில்லை.

"கிராபிக்ஸ் கார்டை விற்கப் போறானாம். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிக்கிறானாம். மானிட்டரும் அவனுக்கே வேணுமாம். அப்புறம் எனக்கு வர்றது என்ன ஆத்தா, தகரப் பெட்டியா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதானே? ஆச்சிக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் சாமான் கைமாறும் முறை தெரியும். செட்டிநாட்டில் பித்தளை அண்டாவும் வெள்ளிக் கிண்ணமும் பெயரின் முதலெழுத்து வெட்டப்பட்டு, தலைமுறை தலைமுறையாக வந்தவை. கல்யாணத்தில் பரப்பி வைக்கிற சாமானைக் கணக்கெழுதித்தான் கொடுப்பார்கள். பழைய குத்துவிளக்கைக் கொடுத்தாலும் புளி போட்டு விளக்கித்தான் கொடுப்பார்கள். தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு தண்டை மட்டும் யாராவது கொடுப்பார்களா?

"இரண்டுக்கும் கணக்கு எழுதிக் கொண்டாப்பா" என்றார் ஆச்சி, மகனிடம். அந்தக் கணக்கை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, பழசிலிருந்து எது புதுசுக்கு உதவும்? யோசித்துப் பார்த்தால் அதிகமில்லை. 2017-ன் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் டி.டி.ஆர். 4 என்ற ரகத்து மெமரி இருக்கும். இன்றைய புது போர்டுகள் பல டி.டி.ஆர். 5-ஐத்தான் ஏற்கும், பழையது அந்தப் பள்ளத்தில் உட்காரவே உட்காராது. பவர் ஸப்ளை எட்டு வருஷம் உழைத்த கிழம். 115 வாட் மட்டும் எடுக்கிற ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கே, மொத்தக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து 550 வாட் பவர் ஸப்ளை வேண்டும் என்று என்விடியா கம்பெனி சொல்கிறது. விலை உயர்ந்த புதுக் கார்டைக் கிழத்தின் தலையில் கட்டுவது புத்திசாலித்தனமல்ல. ஆக, கழற்றுவதால் அண்ணனுக்கு லாபம் சொற்பம். தங்கைக்கு நஷ்டம் முழுசு. சில சிப்புகளில் சொந்தமாகப் படம் காட்டும் வசதி கிடையாது. அந்த மாதிரி யந்திரத்தில் கிராபிக்ஸ் கார்டைப் பிடுங்கிவிட்டால் திரை இருண்டே கிடக்கும்.

இரண்டாவது, பழசை நல்லதாக்க என்ன வேண்டும்? பெரிய செலவு ஒன்றுமில்லை. சுழல்கிற ஹார்ட் டிஸ்கோடு அழுதுகொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு ஓர் எஸ்.எஸ்.டி. போட்டால், ஐந்து நிமிஷம் முனகிக்கொண்டு எழுந்தது அரை நிமிஷத்தில் எழுந்து நிற்கும். மெமரி 8 ஜி.பி. இருந்தால் 16 ஆக்கலாம். உள்ளே மண்டிக் கிடக்கும் தூசியைத் தட்டி, சிப்பின் மேல் காய்ந்துபோன பசையை மாற்றச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சூடுதான் முதல் சத்துரு. போர்டில் காசு போன்ற சின்ன பாட்டரி ஒன்று இருக்கும். கம்ப்யூட்டர் தினந்தோறும் தேதியை மறந்தால், பெரும்பாலும் அது தீர்ந்துவிட்டதென்று அர்த்தம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை மைக்ரோஸாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. தனியாகப் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை வைத்தது. இன்டெலின் ஏழாம் தலைமுறைச் சிப்புகளில் அநேகமாக எதையும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதற்காக யந்திரத்தைக் குப்பையில் போட வேண்டுமா? வேண்டாம். லினக்ஸ் இருக்கிறது, காசு கிடையாது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. புரோகிராம் எழுதிப் பழகுகிற பெண்ணுக்கு லினக்ஸ் நல்ல பள்ளிக்கூடம்.

மூன்றாவது, துடைப்பது. அண்ணனுடைய போட்டோக்கள், ஆதார் நகல், பாங்க் பாஸ்வேர்டு எல்லாம் அதிலே இருக்கும். பைல்களை அழித்தால் மட்டும் போதாது; டிஸ்க்கையே சுத்தம் செய்து, எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இதில் வீட்டு மனிதர், வெளி மனிதர் என்ற பேதம் வேண்டாம். அவன் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கள் போய்விடுமே என்கிறீர்களா? ஸ்டீம் என்கிற கடையில் வாங்கியிருந்தால், 2024-லிருந்து ஒரே வீட்டார் ஆறு பேர் வரையில் ஒரு குடும்பமாகச் சேர்ந்துகொள்ளலாம். பகிர அனுமதித்த விளையாட்டுக்களைத் தங்கையும் ஆடலாம். ஒரே பிரதியை இருவர் ஒரே நேரத்தில் ஆட முடியாது, அவ்வளவுதான்.

கணக்கைப் பார்த்த ஆச்சி கடைசியில் என்ன தீர்ப்புச் சொன்னார் தெரியுமா? 70,000-த்தில் 7,000 பழசின் பெயருக்கு. மானிட்டரும் கார்டும் அதோடேயே இருக்கும். புதுசுக்கு மானிட்டர் வேண்டுமென்றால் மகன் இன்னும் நாலு மாதம் பொறுத்து, பணம் சேர்த்துக் கட்ட வேண்டும். பையன் முதலில் முகத்தைத் தூக்கினான். பிறகு அவனே ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் காட்டினான். அந்தப் பாடத்துக்கு விலை ஏது?

கொடுப்பதில் காரைக்குடிக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மின் வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் தங்கள் ஊருக்கு வர வேண்டுமென்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்தார். நிலத்தோடு நிறுத்தவில்லை, 15 லட்சம் ரூபாயும் சேர்த்துக் கொடுத்தார். 1953-ல் அந்தக் கூடம் திறக்கப்பட்டது. பொருளைக் கொடுத்தால், அது நடப்பதற்கு வேண்டியதையும் சேர்த்துக் கொடுப்பதுதான் கொடை. மற்றதெல்லாம் இடத்தைக் காலி செய்வது!

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். எவ்வளவு செலவழித்தாலும் தேறாது என்ற நிலையில் உள்ள யந்திரத்தை யார் தலையிலும் கட்டாதீர்கள். செம்புக்காகக் கம்பியை எரிக்கும் ஆளிடமும் போடாதீர்கள். அந்தப் புகை விஷம். 2023 ஏப்ரலிலிருந்து அமலில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும்.

புதுசு யாருக்கு என்பதைப் பிள்ளையா பெண்ணா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். யாருக்கு என்ன வேலை என்று பாருங்கள். கட்டிடப் படம் வரையும் மகளுக்குப் புதுசும், கடிதம் அடிக்கும் மகனுக்குப் பழசும் போனால் வானம் இடிந்து விழாது. பழசே மகளுக்கு என்று முடிவானால், அதை விளக்கிக் கொடுங்கள். வாங்கிக்கொள்பவளுக்கு அது புதுசு அல்லவா?