கையெழுத்து எல்லை தாண்டினால் பொறுப்பும் தாண்ட வேண்டும்!

வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டு, பிற்பாடு அதில் என்ன எழுதினார்கள் என்பது தெரியாமலே தலைமுறை தலைமுறையாகக் கடனில் கிடந்தவர்கள் நமது விவசாயத் தொழிலாளிகள். ஆகவே கையெழுத்து என்றவுடன் நமக்கு எழும் பயம் நியாயமான பயம். இன்றைக்கு அந்தக் கைநாட்டு செல்போனுக்குள் புகுந்துவிட்டது. நாலைந்து எண்களைத் தட்டினால் கையெழுத்துப் போட்டதாகச் சட்டம் கொள்கிறது. அது மட்டுமல்ல, ஒரு நாட்டில் போட்ட மின்னணுக் கையெழுத்து மறு நாட்டிலும் செல்லவேண்டும் என்று சர்க்கார்கள் பேசுகின்றன. 2022 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் வர்த்தகச் சட்டக் கமிஷன் இதற்கென ஒரு மாதிரிச் சட்டத்தையே ஏற்றுக்கொண்டது.

இது முதலாளிகளின் விவகாரம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது என்கிறோம். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உழைப்பாளிகள்தாம்.

விஷயம் இதுதான். மின்னணுக் கையெழுத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று நம்மிடம் ரகசியமாக இருப்பது. மற்றொன்று யாரும் பார்க்கக்கூடியது. ரகசியச் சாவியால் பூட்டியதைப் பொதுச் சாவியால் சரிபார்க்கலாம். பத்திரத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் சோதனையில் தெரிந்துபோகும். இந்த வகையில் இது பழைய கைநாட்டைவிட மேலானதே. ஆனால் இந்தச் சாவி இன்னாருடையது என்று யார் சொல்வது? அதற்கு ஒரு சான்றளிக்கும் ஸ்தாபனம் வேண்டும். பச்சை மையில் கெஜட்டட் ஆபீசர் அட்டெஸ்ட் செய்வதில்லையா, அதே வேலைதான். பச்சை மை போட்டவரே ஏமாந்துபோனாலோ ஏமாற்றினாலோ, நஷ்டம் யார் தலையில்?

ஹாலந்து தேசத்தில் 2011-ல் நடந்ததைப் பாருங்கள். டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் கம்பெனிக்குள் திருடர்கள் புகுந்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட போலிச் சான்றுகளைத் தயாரித்துவிட்டனர். ஜூலையிலேயே கம்பெனிக்குத் தெரியும். வெளியே மூச்சு விடவில்லை. கூகுள் பெயரிலிருந்த போலிச் சான்றைக் கொண்டு ஈரானில் லட்சக்கணக்கானோரின் கடிதப் போக்குவரத்தை ஒட்டுக்கேட்டார்கள். ஆகஸ்டு கடைசியில் ஈரானியர் ஒருவர் கண்டு சொன்ன பிறகே விஷயம் அம்பலமாயிற்று. செப்டம்பரில் கம்பெனி திவாலாயிற்று. ஹாலந்தில் பூட்டை உடைத்தார்கள். ஈரானில் வீடு கொள்ளை போயிற்று! எல்லை தாண்டிய நம்பிக்கைக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு.

எஸ்தோனியா வேறு மாதிரி நடந்துகொண்டது. சுமார் 13 லட்சம் ஜனங்கள் கொண்ட சிறு நாடு அது. அங்கே மருந்துச் சீட்டு முதல் ஓட்டு வரை எல்லாம் அடையாள அட்டையில் நடக்கிறது. 2017-ல் அந்த அட்டையின் சில்லில் கோளாறு இருப்பதை செக் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சுமார் ஏழரை லட்சம் அட்டைகளுக்கு ஆபத்து. சர்க்கார் மூடி மறைக்கவில்லை. செப்டம்பரிலேயே பகிரங்கமாக அறிவித்தது. நவம்பர் 3-ம் தேதி அந்த அட்டைகளின் சான்றுகளை நிறுத்தி வைத்தது. புதுச் சான்றுகள் வழங்கியது. 2019 ஜனவரியிலிருந்து பின்லாந்து டாக்டர் எழுதும் மின்னணுச் சீட்டுக்கு எஸ்தோனியா மருந்துக் கடையில் மருந்து கிடைக்கிறது. குறையை ஒளிக்காதவனிடம்தானே அண்டை வீட்டுக்காரன் சாவியைக் கொடுத்து வைப்பான்?

ஐரோப்பிய யூனியன் 2014-ல் செய்த சட்டத்தில் நாம் கவனிக்கவேண்டிய ஓர் அம்சம் இருக்கிறது. தகுதிபெற்ற மின்னணுக் கையெழுத்து கையால் போட்ட கையெழுத்துக்குச் சமம். ஒரு நாட்டில் தகுதி பெற்றதை யூனியன் நாடுகள் எல்லாம் ஏற்கவேண்டும். இது எல்லோரும் பேசுவது. யாரும் அதிகம் பேசாதது இன்னொன்று: தகுதிபெற்ற ஸ்தாபனத்தால் நஷ்டம் நேர்ந்தால், தன் மீது தவறில்லை என்று அந்த ஸ்தாபனமே ருசுப்பிக்கவேண்டும். பாதிக்கப்பட்டவன் வக்கீல் வைத்துக் கம்ப்யூட்டர் ரகசியத்தைத் தோண்டவேண்டியதில்லை. ஆனால் சேவைக்கு இன்ன வரம்பு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அதைத் தாண்டிய நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று தப்பிக்க ஒரு சந்தும் அதே சட்டத்தில் வைத்திருக்கிறார்கள். முதலாளித்துவச் சட்டத்தில் சந்து இல்லாமல் இருக்குமா?

2024-ல் இச்சட்டத்தைத் திருத்தி, செல்போனில் வைத்துக்கொள்ளும் மின்னணு அடையாளப் பைக்கு வழி செய்தார்கள். அதை வைத்துக்கொள்வது அவரவர் இஷ்டம். இல்லாதவருக்கு வேலையோ சேவையோ மறுக்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். பஞ்சிலும் மண்வெட்டியிலும் ரேகை தேய்ந்து, கருவி முன்னால் விரலை அழுத்தி அழுத்தி நின்ற அனுபவம் உள்ள நமக்கு அந்த ஷரத்தின் மதிப்பு தெரியும்.

நமது நாட்டிலும் 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், வெளிநாட்டுச் சான்றளிக்கும் ஸ்தாபனங்களை மத்திய சர்க்காரின் ஒப்புதலோடு அங்கீகரிக்க வழி வைத்திருக்கிறது. வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். இங்கே ஏஜெண்டு காட்டும் ஒப்பந்தத்தில் ஒரு சம்பளம். அங்கே இறங்கியதும் நீட்டப்படும் ஒப்பந்தத்தில் வேறொரு சம்பளம். இங்கே போட்ட மின்னணுக் கையெழுத்து அங்கேயும் செல்லுமானால், முதல் ஒப்பந்தத்தில் ஒரு காசைக்கூடத் திருத்த முடியாது.

ஆனால் இரண்டாவது ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கிவிட்டால்? பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டவன் செல்போனையும் பிடுங்கி எண்ணைத் தட்டினால்? எந்தக் கணிதமும் இதைத் தடுக்காது. ஆகவே சர்க்கார்கள் பரஸ்பர அங்கீகாரம் பேச உட்காரும்போது, முதல் ஒப்பந்தம் இரு நாட்டுப் பதிவேட்டிலும் இருக்கவேண்டும். அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பின்னால் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று எழுதவேண்டும். பத்திரம் தொழிலாளியின் தாய்மொழியிலும் இருக்கவேண்டும். தகராறு வந்தால் ருசுப்பிக்கும் பாரம் முதலாளி மீதும் சான்றளித்த ஸ்தாபனத்தின் மீதும் விழவேண்டும். இந்த நாலு ஷரத்துகளையும் நமது தொழிற்சங்கங்கள் இப்போதே தீர்மானமாக்கி டில்லிக்கு அனுப்பவேண்டும்.