மலிவு விலை உணவுக்கு நகராட்சி வரவு-செலவில் தனித் தலைப்பும் அரசின் பங்கும் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
பீடி, தீப்பெட்டி, கைத்தறி, தோல் வேலை செய்யும் தொழிலாளர் சங்கம்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், வேலூர்.
உயர்திரு நகராட்சி ஆணையாளர் அவர்கள், குடியாத்தம்.
மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் மற்றும் உறுப்பினர்கள், குடியாத்தம்.

பொருள்: அம்மா உணவகம் உள்ளிட்ட மலிவு விலை உணவுக்குத் தனி நிதி ஒதுக்குதல், இரவு உணவு தொடங்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தினரில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுத் திண்ணையில் இலையும் தூளும் வைத்துப் பீடி சுற்றுகிறவர்கள், தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள், லுங்கித் தறிக்கு நூல் சுற்றித் தருகிறவர்கள் இதில் உண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள்.

எங்களில் பலருக்குக் கூலி வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை வருகிறது. வியாழனும் வெள்ளியும் வந்தால் பானையில் ரேஷன் அரிசி இருக்கும், பருப்பும் எண்ணெயும் இருக்காது. விலையில்லா அரிசி வாங்கிக்கொண்டு பசி என்று மனு கொடுக்கலாமா என்று எங்களிடமே கேட்டவர்கள் உண்டு. அரிசி மட்டும் இருந்தால் சாப்பாடு ஆகிவிடாது. காஸ் வேண்டும், குழம்புக்கு வழி வேண்டும், ஆக்கி இறக்க நேரமும் வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து தனி அறையில் தங்கி வேலை செய்கிறவருக்கும், கார்டே இல்லாத முதியவருக்கும் அந்த அரிசியும் இல்லை.

இவர்கள் எல்லோருக்கும் கைகொடுப்பது அம்மா உணவகம்தான். எங்கள் உறுப்பினர் ஒருவர் மதியம் தூக்குச் சட்டியோடு போவார். 5 ரூபாய்க்கு ஒரு சாம்பார் சாதம், 3 ரூபாய்க்கு ஒரு தயிர் சாதம் வாங்கி வருவார். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்குத் தயிர் சாதம், தனக்கு மற்றது. அன்றைய சாப்பாட்டுச் செலவு 8 ரூபாய். வெளியே ஒருவர் டீயும் வடையும் சாப்பிட்டால் இதைவிடக் கூடுதலாகிறது.

2013 பிப்ரவரி 19 அன்று சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது வைத்த விலை இது. இட்லி அன்றும் 1 ரூபாய், இன்றும் 1 ரூபாய். விலையை ஏற்ற வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை, ஏற்றினால் எதிர்ப்போம். ஆனால் உளுந்து, எண்ணெய், காஸ் எதுவும் 2013 விலையில் கிடைக்கவில்லை. நுகர்பொருள் வாணிபக் கழகத்து அரிசி மலிவாக வந்தாலும் மற்ற பற்றாக்குறையை நகராட்சி தன் பொது நிதியிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. குடிநீர் மோட்டார் பழுது, தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாமே அந்த நிதியை நம்பித்தான் இருக்கின்றன. கை இறுகும்போது எந்த நகராட்சியும் சாம்பாரின் பருப்பில்தான் முதலில் சிக்கனம் பார்க்கும். அது அதிகாரிகளின் குணத்தைப் பற்றிய குற்றச்சாட்டு அல்ல. தலைப்பில்லாத செலவுக்கு நேர்கிற கதி அது.

2024 ஜூலையில் அப்போதைய முதலமைச்சர் சென்னை தேனாம்பேட்டை அம்மா உணவகத்தை நேரில் பார்வையிட்டு, சென்னையின் 388 உணவகங்களைச் சீரமைக்க 21 கோடி ரூபாய் ஒதுக்க உத்தரவிட்டார். பாத்திரங்களுக்கும் இயந்திரங்களுக்கும் 7 கோடி, கட்டடங்களுக்கு 14 கோடி. வரவேற்கிறோம். சென்னை மாநகராட்சியின் வருவாய்க்கு முன் எங்கள் ஊர்ச் சொத்து வரி எம்மாத்திரம் என்பது தங்களுக்கே தெரியும். அங்கே கிடைத்த உதவி இங்கே அதைவிட அவசியம்.

உள்ளாட்சிப் பணத்தில் சோறு போடுவது நம் மாநிலத்துக்குப் புதிதும் அல்ல. 1920 செப்டம்பரில் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி மன்றம் ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரத் தீர்மானம் போட்டது, தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று அன்றைய ஆங்கில அரசு தடுத்ததால் சில ஆண்டுகளில் அது நின்றது. அன்றும் சிக்கல் நிதித் தலைப்பில்தான். பிறகு மாநிலம் முழுவதும் மதிய உணவைக் கொண்டு சென்ற காமராசர், முதலமைச்சரான 1954-இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது எங்கள் குடியாத்தம் தொகுதியிலிருந்து. இந்த ஊர் மனுவில் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கல்யாண மண்டபங்களில் மிஞ்சுவதைச் சேகரித்து உணவு வங்கி நடத்தலாமே என்ற யோசனை அவ்வப்போது வருகிறது. உபரி உணவை மீட்டு வழங்க 2019-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறையே வகுத்திருக்கிறது. நகராட்சி அதைச் செய்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. முகூர்த்த நாளில் மிஞ்சும், ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்வது? கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று தெருவுக்குத் தெரு அன்னதானம் நடக்கிறது. மறுநாள் காலை அதே தெருவில் ஒரு ரூபாய் இட்லிக்கு வரிசை நிற்கிறது.

எனவே நாங்கள் கேட்பது இது. வரும் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தில் மலிவு விலை உணவுக்கெனத் தனித் தலைப்பு வேண்டும்; அதிலுள்ள பணத்தை வேறு செலவுக்கு மாற்றக் கூடாது. பற்றாக்குறையில் பாதியை மாநில அரசு ஏற்க வேண்டும் என நகர்மன்றம் தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சித் தலைவர் பரிந்துரையுடன் நகராட்சி நிர்வாக இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு 500 பேர், ஒரு தட்டுக்குப் பற்றாக்குறை 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 10,000, ஆண்டுக்கு 36.5 லட்சம் ரூபாய். இது நாங்கள் உட்கார்ந்து போட்ட உத்தேசக் கணக்கு. அலுவலகக் கணக்கு வேறாக இருந்தால் அதை உணவக வாசலில் எழுதி வையுங்கள், மாதந்தோறும்.

இரவு உணவு வேண்டும். சென்னையில் இரவில் சப்பாத்தி தருகிறார்கள். இங்கே கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிற பெண் நெல்லூர்பேட்டை வரை நடந்து வீடு சேர்ந்து, அதற்குப் பிறகுதான் உலை வைக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் மாலை 7 முதல் 9 வரை திறந்தால் போதும். அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவர்களுக்காக அங்கே ஒரு விநியோக இடமும் வேண்டும்.

சமைக்கும் சுய உதவிக் குழுப் பெண்களின் தினக்கூலி சென்னையில் 300-லிருந்து 325 ரூபாயாக உயர்ந்தது. இங்கும் அதற்குக் குறையாமல், மாதத்தின் முதல் வாரத்தில் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். பிறர் பசியாற்றுகிறவர் தன் கூலிக்கு நடையாய் நடக்கக் கூடாது.

கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடக்கூடிய இனங்களில் பசி ஒழிப்பு முதலாவதாக இருக்கிறது. இந்தத் தோல் பகுதியின் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களை ஆட்சித் தலைவர் அழைத்துப் பேச வேண்டும். ஆனால் 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது பார்த்தோம்: ஏற்றுமதி ஆட்டம் கண்டால் கம்பெனியின் நன்கொடையும் தொழிலாளியின் ஓவர்டைமும் ஒன்றாக ஆட்டம் காணும். அதனால் அந்தப் பணம் பாத்திரம், கிரைண்டர் வாங்க உதவட்டும். அன்றாடச் சோறு அரசுப் பணத்தில் நடக்கட்டும்.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரக் குடும்பங்கள் முகாம்களில் சாப்பிட்டன. அத்தகைய நாட்களில் உத்தரவுக்குக் காத்திராமல் ஆணையாளரே இலவச உணவு வழங்க, மேற்சொன்ன தலைப்பில் ஒரு சிறு அவசரத் தொகையும் ஒதுக்கக் கோருகிறோம்.

வரவு-செலவுக் கூட்டத்துக்கு முன் எங்கள் பிரதிநிதிகள் ஐவரை அழைத்துப் பேசி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். கூட்டத்தை மாலை 6 மணிக்குப் பிறகு வைத்தால் எங்களுக்கு ஒரு நாள் கூலி மிஞ்சும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்
இடம்: குடியாத்தம்

இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பம் மற்றும் கைரேகைத் தாள்கள்.