கடையை மூடும் நாளில் சிகிச்சையைத் திறந்து வையுங்கள்

கொள்ளைநோய்க் காலத்தில் குடிநோய்ச் சிகிச்சை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. பிரசவமும் டயாலிசிஸும் எந்த ஊரடங்கிலும் நடந்தே தீர வேண்டியவை. அந்த வரிசையில் இதையும் சேர்த்து, அவசர மருத்துவச் சேவை என்று அரசு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கோவிலூரிலும் காரைக்குடியைச் சுற்றிய ஊர்களிலும் குடியிலிருந்து மீண்டவர்களும், அவர்கள் வீட்டுப் பெண்களும், செவிலியர் சிலரும் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. கொரோனாதான் ஓய்ந்துவிட்டதே, இப்போது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அடுத்தது வரும்போது உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. அதனால் இப்போதே சொல்கிறோம்.

2020 மார்ச் கடைசி வாரத்தில் தமிழ்நாட்டின் டாஸ்மாக் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. மூடியதை நாங்கள் குறை சொல்லவில்லை. மூடுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டவர்கள் எங்களிலேயே பலர். ஆனால் காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டவரின் உடம்பு அரசாணைக்குக் கட்டுப்படாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே வியர்வையும் படபடப்பும் தொடங்கும். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் சட்டையில் சிந்தும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று விடிய விடியத் தட்டுவார்கள், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் மிரள்வார்கள். வீட்டார் காத்து கருப்பு அண்டிவிட்டதென்று மந்திரிக்க அழைத்துப் போவதும் நடக்கிறது. மருத்துவம் கிடைக்காவிட்டால் இது உயிரைப் பறிக்கும். கிடைத்தால் பெரும்பாலோர் சில நாளில் தெளிந்துவிடுவார்கள்.

மாலை போட்டதும் நிறுத்துகிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே என்று எங்கள் பகுதியில் அடிக்கடி கேட்பார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகும் ஊர் இது, கேள்வி நியாயமானது. வாரம் ஒருமுறை குடிப்பவர் விரதம் இருந்தால் ஆபத்தில்லை. தினமும் காலையிலிருந்து குடிப்பவர் சட்டென நிறுத்துவது வேறு. அவர் விரதம் இருக்கட்டும், ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டு இருக்கட்டும்.

அந்த ஏப்ரல் தொடக்கத்தில் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், கோட்டைப்பட்டினத்தில், ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மூன்று பேர் இறந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டுப் பக்கம் வார்னிஷைக் குடித்து மூவர் போனார்கள். கொழுப்பெடுத்துக் குடித்தார்கள் என்று அன்று பேசியவர்கள் உண்டு. நாங்கள் அதை ஏற்கவில்லை. கையில் நடுக்கத்தோடு, எங்கும் கதவு திறக்காத ஊரில் இருந்தவர்கள் அவர்கள்.

கேரள அரசு வேறு வழியில் போனது. டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று 2020 மார்ச் 30 அன்று ஆணையிட்டது. இதற்கு எழுதித்தர மாட்டோம் என்று மருத்துவர்கள் மறுத்தார்கள்; சில நாளிலேயே கேரள உயர் நீதிமன்றம் ஆணையை நிறுத்தி வைத்தது. மருத்துவர்கள் பக்கம்தான் நியாயம். நடுக்கத்துக்கு நிரூபிக்கப்பட்ட மருந்து இருக்கிறது: குளோர்டயஸிபாக்சைடு, டயஸிபாம், கல்லீரல் கெட்டவருக்கு லோராசிபாம், கூடவே எல்லோருக்கும் தயமின். பாட்டிலைச் சீட்டில் எழுதத் தேவையில்லை.

ஆனால் அந்த மாத்திரையும் வீட்டுக்கு வரவில்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளைப் போனில் எழுதித்தரக் கூடாது என்றன. நாங்கள் சொன்னவற்றில் தயமின் தவிர்த்த மூன்று மாத்திரைகளும் அந்தப் பட்டியலில் உள்ளவை. பேருந்து ஓடாத காலத்தில், கோவிலூர்க்காரர் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் எப்படிப் போவார்? இந்த மாத்திரைக்கே அடிமையாகும் ஆபத்து உண்டு என்பது எங்களுக்கும் தெரியும். எங்கள் உறுப்பினர் சிலர் அதையும் பட்டவர்கள். ஆகவே தாராளமாகத் திறந்துவிடச் சொல்லவில்லை. அரசு மனநல மருத்துவர் வீடியோவில் பார்த்து ஐந்தாறு நாளுக்கு மட்டும் எழுதட்டும். கிராம சுகாதார செவிலியர் அன்றாட அளவை வீட்டில் ஒரு பொறுப்பானவர் கையில் கொடுக்கட்டும். உலகில் இப்படி விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஹெராயின் போன்ற போதைக்கு மாற்று மருந்தான மெத்தடோனைத் தினமும் மையத்துக்கு வந்து வாங்க வேண்டியவர்களில் நிலைப்பட்டவர்களுக்கு 28 நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப 2020 மார்ச்சிலேயே அமெரிக்கா அனுமதித்தது. இந்தியாவிலும் ஊசிப் போதைக்காரர்களுக்கான புப்ரினார்பின் மாத்திரை வீட்டுக்குத் தரப்பட்டது. குடிநோயாளிக்கு மட்டும் ஏன் கை சுருங்க வேண்டும்?

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டு வருகிறது. அந்தப் பையில் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரைகளையும் தயமினையும் சேருங்கள். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னது. நோய்த்தொற்று இல்லாத காலத்துக் கணக்கு அது.

தொற்று வார்டுக்கும் ஒரு கோரிக்கை. சேர்க்கும்போதே, "கடைசியா எப்பக் குடிச்சீங்க?" என்று மிரட்டாமல் கேளுங்கள். மூன்றாம் நாள் உளறுபவருக்கு ஆக்சிஜன் குறைவா, குடி நின்றதன் கோளாறா என்பது அந்த ஒரு பதிலில் பாதி தெரிந்துவிடும். இரண்டும் சேர்ந்திருந்தால் நடுக்கத்துக்குத் தரும் அந்த மாத்திரைகள் மூச்சைத் தாழ்த்தலாம். அளவும் கண்காணிப்பும் மருத்துவர் கையில் இருக்க வேண்டும். குடிநோயாளியை வீட்டில் பூட்டி வைப்பதையும், அனுமதியில்லாத மையத்தில் ஒரே அறையில் அடைப்பதையும் நாங்கள் முழுதாக எதிர்க்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 மனநோயாளிகளைப் பக்கத்து மாவட்டத்துக்காரர்களான நாம் மறக்கக் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. குடியால் வரும் மனநலக் கோளாறையும் நோயாக ஏற்று, சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது.

வீட்டுப் பெண்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாம்பாரில் கலந்து தெரியாமல் கொடுப்பது பலர் வீட்டில் நடக்கிறது. ஆற்றாமையில் செய்கிறீர்கள் என்று புரிகிறது, அக்கா. ஆனால் அவர் வெளியே ஒரு மடக்கு குடித்தாலே முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்தாகும். அவருக்குத் தெரிந்து, டாக்டர் சொல்லி மட்டுமே கொடுங்கள். அந்த மாத்திரை சாப்பிடுபவர் ஆல்கஹால் கலந்த சானிடைசரையும் தவிர்ப்பது நல்லது. அவருக்குச் சோப்பும் தண்ணீரும் வையுங்கள். சானிடைசர் பாட்டிலைக் குடிநோயாளி கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டங்களும் நிற்கக் கூடாது. 2020இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் கைபேசிக்கு மாறின. வீடியோ ஓடாத பட்டன் போன்காரரைச் சாதாரண கான்ஃபரன்ஸ் காலில் சேர்த்துக்கொள்ளலாம். தொற்று தணிந்த வாரங்களில் மூடிய அறை வேண்டாம். செட்டிநாட்டில் திண்ணைக்கும் மரத்தடிக்கும் பஞ்சமில்லை. முகக்கவசம் போட்டு, தள்ளி உட்கார்ந்து பேசலாம். குடியை விட்டு ஆறு மாதமானவருக்குத் தனிமைதான் முதல் எதிரி.

சிவகங்கை மாவட்ட நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பவை நடக்கக்கூடியவை. ஊரடங்கு அறிவிக்கும் அதே நாளில் காரைக்குடி அரசு மருத்துவமனையில் குடிநோய்க்குத் தனிப் படுக்கைகள் ஒதுக்குங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையும் ஆலோசகரையும் வேறு பணிக்கு அனுப்பாதீர்கள். வலிப்பு, காய்ச்சல், புத்தித் தடுமாற்றம் இருந்தால் 108 வண்டி தயங்காமல் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணை, மூடிய ஒவ்வொரு டாஸ்மாக் கடையின் ஷட்டரிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அன்று குடிநோயாளிகள் முதலில் வந்து நிற்கும் இடம் அதுதான்.