அவர் சர்வீஸ் முறை

வியாழன் இரவு எட்டு மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் ஆடும் கைப்பந்தைப் பற்றி இந்தப் பத்தியில் பலமுறை எழுதிவிட்டேன். நெட் உயரத்துக்காக ஒருமுறை சண்டையே போட்டிருக்கிறேன். இந்த வாரம் வந்திருப்பது அதைவிடப் பெரிய சங்கதி. செவ்வாய்க்கிழமை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தீர்மானம் விழுந்தது. இனிமேல் சுழற்சி கிடையாதாம். உயரமான மூவர் முன்வரிசையை விட்டு நகர மாட்டார்கள். சர்வீஸும் நன்றாகப் போடுகிற நாலு பேருக்கு மட்டும்தான். "ஆட்டம் தரமா இருக்கும்ணே" என்று கீழே ஒரு விளக்கம். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

எழுதிய தம்பிமேல் கோபமில்லை. கிள்ளானில் வேலை முடித்து, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வருகிறவன் அவன். மண்டபத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. இரண்டு மணி நேரத்தில் நாலு நல்ல ஸ்மாஷ் அடிக்காமல் வீடு திரும்ப யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் எங்களில் மூத்தவரை நினைத்துப் பாருங்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வலது தோள் மேலே எழும்பாது. இடது உள்ளங்கையில் பந்தை வைத்துக்கொண்டு, ஒருமுறை மூச்சை விட்டுவிட்டு, மணிக்கட்டின் உட்புறத்தால் கீழிருந்து ஒரு தட்டு தட்டுவார். பந்து சுழலாமல் போய், நெட்டுக்கு ஒரு சாண் மேலே தயங்கி, எதிரணியில் யாரும் நிற்காத இடமாகப் பார்த்து இறங்கும். வாரம் முழுவதும் அந்தத் தட்டுக்காகவே காத்திருந்து வருகிறவர் அவர். புது விதிப்படி அவருக்கு சர்வீஸே கிடையாது.

இந்த ஆட்டம் பிறந்ததே அவரைப் போன்றவர்களுக்காகத்தான். 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த வில்லியம் மார்கன், கூடைப்பந்தின் ஓட்டம் தாங்காத நடுவயதுக்காரர்களுக்காக இதை உண்டாக்கினார்.

பிறகு ஏன் இப்படி ஆனது? எனக்கு ஒரு காரணம் தெரிகிறது. முன்பெல்லாம் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் புள்ளி. உங்கள் சர்வீஸ் நெட்டில் விழுந்தால் சர்வீஸ் மட்டும் கைமாறும், எதிராளிக்குப் புள்ளி ஏறாது. 1998இல் உலகச் சம்மேளனம் அதை மாற்றியது. யார் சர்வீஸ் போட்டாலும், பந்து விழுந்தால் யாருக்காவது ஒரு புள்ளி. ஆட்டம் எப்போது முடியும் என்று சொல்ல முடியாத தலைவலி தொலைக்காட்சிக்குத் தீர்ந்தது. 15 புள்ளி ஆட்டம் 25 புள்ளி ஆனது. அன்றிலிருந்து வலுவில்லாதவர் செய்யும் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு புள்ளி விலை. விலை ஏறியதும் அவரை எங்கே ஒளித்து வைப்பது என்று அணிகள் யோசிக்கத் தொடங்கின.

சிறுவயதில் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் ஆடியது பழைய கணக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரட்டுக் களத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நெட் ஏறும். சுண்ணாம்புத் தூளில் கோடு. கிராணியின் மகனும், ஆஸ்பத்திரி டிரஸ்ஸரும், பால் நிறுக்கும் மண்டோரும் ஒரே பக்கம் நின்று ஆடுவார்கள். காலையில் மண்டோர் முன்னால் தலை நிமிராத பையன், மாலையில் தன் முறை வந்ததும் அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு கோட்டுக்குப் போவான். மண்டோர் அவன் இருந்த இடத்துக்கு நகர்ந்து நிற்பார். அந்தத் தோட்டத்தில் கிராணி வீட்டுக்கும் லயத்து வீட்டுக்கும் பொதுவாக இருந்த விதி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஒருநாள் 14-13. எங்களுக்கு ஒரே ஒரு புள்ளி வேண்டும். சர்வீஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்க்கொண்டே இருக்கிறது, புள்ளி மட்டும் ஏறவில்லை. லயத்தில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். அம்மாக்கள் கூப்பிட்டுக் களைத்துப் போனார்கள். கடைசியில் பந்து கண்ணுக்குத் தெரியாமல் கை நிதானத்தில் தட்டிக்கொண்டிருந்தோம். டிரஸ்ஸர்தான் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நாளைக்கு" என்றார். மறுநாள் 14-13 என்றே தொடங்கினோம். சர்வீஸ் யார் முறை என்பதில் ஒரு வாக்குவாதமும் வரவில்லை, எல்லோருக்கும் நினைவிருந்தது.

அந்தக் களம் இப்போது வீடமைப்புப் பகுதி. களம் போனதற்குக்கூட மனதைத் தேற்றிக்கொண்டேன். முறை போவதைத்தான் தாங்க முடியவில்லை.

சுழற்சி இல்லாத கைப்பந்தும் உண்டே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்டு. ஒன்பது பேர் ஆட்டம் நம் ஆசியாவில் வளர்ந்ததுதான். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆறு பேர் ஆட்டமும் ஒன்பது பேர் ஆட்டமும் தனித்தனியாக நடந்தன. ஒன்பது பேர் ஆட்டத்தில் அவரவர் இடம் மாறாது. ஆனால் சர்வீஸ் ஒன்பது பேருக்கும் வரிசையாக வரும். அவர்கள்கூட அதில் கை வைக்கவில்லை.

கிள்ளானிலும் செந்தூலிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் வாரம் ஒருமுறை நெட் கட்டுகிற அன்பர்களே, புள்ளிக் கணக்கை உங்கள் வாடகை நேரத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். நெட்டை ஒரு சாண் இறக்குங்கள். சர்வீஸ் முறையில் மட்டும் கை வைக்காதீர்கள். வரும் வியாழன் எங்கள் குழுவில் வாக்கெடுப்பு. நான் சுழற்சிக்குத்தான் கை தூக்குவேன். மூத்தவருக்கு இன்னும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை.